ஹலூமியைக் கெடுக்கும் ஈரமும் அவசரமும்

சைப்ரஸ் தீவின் ஹலூமி, நெருப்பில் வைத்தாலும் உருகி ஓடாத சீஸ். அதனாலேயே எப்படிப் போட்டு எடுத்தாலும் சரியாக வந்துவிடும் என்ற நினைப்பு பலருக்கு. வெளியே வெளுத்து, உள்ளே ரப்பராகி, உப்புக் கரிக்கும் துண்டுகள் தட்டுக்கு வருவது அந்த நினைப்பால்தான்.

செம்மறியாட்டுப் பால், வெள்ளாட்டுப் பால், இப்போது பெரும்பாலும் பசும்பாலும் சேர்த்து, ரென்னெட் என்ற, பாலைத் திரட்டும் நொதியை விட்டு உறைய வைக்கிறார்கள். பல சீஸ்களைப் போல இதைப் புளிக்க விடுவதில்லை. அதனால் பால் புரதத்தைப் பிணைத்திருக்கும் கால்சியம் கரையாமல் அப்படியே நிற்கிறது; சூட்டில் உருகி ஓடாததும் அதனால்தான். அழுத்திய கட்டிகளை, பிரிந்த தண்ணீரிலேயே 90 டிகிரி செல்சியஸுக்கு மேல் அரை மணி நேரமாவது வேக வைத்து, உப்பும் புதினாவும் தூவி இரண்டாக மடிக்கிறார்கள். ஆக, நம் கைக்கு வருவது ஏற்கெனவே வெந்த பொருள். மேற்பரப்பைச் சிவக்க வைத்து உள்ளே சூடேற்றுவதுதான் அடுப்பில் நமக்குள்ள வேலை. பீட்சாவில் தூவிவிட்டு மொசரெல்லா மாதிரி இழுபடும் என்று காத்திருந்தால் ஏமாற்றம்தான்.

பொட்டலத்தைப் பிரித்ததும் நேராக வாணலியில் போடுவதுதான் அதிகம் நடக்கிற தவறு. ஹலூமி உப்புநீரில் ஊறிக் கிடப்பது. மேலே ஈரம் இருக்கும்வரை அந்தப் பரப்பின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது, அந்தச் சூட்டில் எதுவும் சிவக்காது. துண்டு போட்டபின் ஒவ்வொன்றையும் துணியாலோ காகிதத் துண்டாலோ இருபுறமும் ஒற்றி எடுங்கள். அப்படியும் சூடு பட்டதும் உள்ளிருந்து கொஞ்சம் தண்ணீர் கசியும். அதைக் கண்டு பயந்து புரட்டத் தொடங்கினால் கெட்டது. அந்த நீர் வற்றிய பிறகுதான் சிவப்பு ஏறும்.

துண்டின் கனம் ஏறக்குறைய 1 செ.மீ. இருக்கட்டும். 225 கிராம் கட்டியில் 7, 8 துண்டு தேறும். அரை செ.மீ.க்கும் குறைந்தால் வெளியே சிவப்பதற்குள் உள்ளே காய்ந்து தோலாகிவிடும். வாணலியோ தோசைக்கல்லோ, நன்றாகச் சூடேறியபின் மிதமான தீயில் இடைவெளி விட்டு அடுக்கி, 2 முதல் 3 நிமிடம் தொடாமல் விடுங்கள். சிவந்த துண்டு தானாகவே விட்டுக்கொடுக்கும். ஒட்டுகிறது என்றால் இன்னும் ஆகவில்லை என்று பொருள், சுரண்டாதீர்கள். மறுபுறம் 2 நிமிடம் போதும். எண்ணெய் ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். சீஸிலேயே கொழுப்பு இருக்கிறது, கசியும் நீர் அதிக எண்ணெயில் பட்டால் தெறிக்கும். நெருக்கி அடுக்கினால் நீராவி போக வழியில்லாமல் துண்டுகள் அவிந்துவிடும். எட்டுத் துண்டை இரண்டு தடவையாகச் சுடுவதில் நேரம் ஒன்றும் பெரிதாகப் போய்விடாது.

கம்பியில் கோத்துக் கரியில் சுடுபவர்கள் கட்டியின் மடிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மடிப்பை ஒட்டிக் குத்தினால் சதுரம் இரண்டாகப் பிளந்து தணலில் விழும். இரண்டு அடுக்கையும் சேர்த்துத் துளைக்கும்படி குத்துங்கள்.

உப்பு அடுத்த வம்பு. இதைப் பனீர் என்று நினைத்து மாவிலும் மசாலாவிலும் வழக்கம்போல உப்புப் போட்டால் சாப்பிட முடியாது. ஹலூமி சேரும் சாலட், குழம்பு எதிலும் உப்பை கடைசியில் ருசி பார்த்தே சேர்க்கவும். மிகவும் கரித்தால், வெட்டிய துண்டுகளைக் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் போட்டு எடுத்து, மறுபடி ஈரம் ஒற்றிவிட்டுச் சுடலாம். எலுமிச்சைச் சாறு, தேன் எல்லாம் அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான். சாறு முன்னாலேயே விழுந்தால் மொறுமொறுப்பு நனையும், தேன் கருகும்.

சுட்டதை மேசையில் காக்க வைக்காதீர்கள். ஆற ஆற இறுகிப் பல்லில் கீச்சிடும். விருந்தென்றால் சாலடும் ரொட்டியும் தயாரானபின் கடைசி வேலையாக இதைச் சுடுங்கள். சுடாத ஹலூமிக்கு இந்த அவசரம் இல்லை. சைப்ரஸில் கோடையில் அதைப் பச்சையாகவே தர்ப்பூசணியோடு சாப்பிடுவார்கள். பழத்தின் இனிப்பும் நீரும் உப்பைத் தணித்துவிடும். ஹலூமி என்றாலே சுட்டாக வேண்டும் என்பதும் ஒரு தவறான பிடிவாதம்தான்.

உப்புநீரில் நாற்பது நாளுக்கு மேல் வைத்து முதிர வைத்த வகை வேறு. அது கெட்டி, உப்பும் அதிகம். அதைச் சுடாமல் துருவுங்கள். அங்கே அதைக் காய்ந்த புதினாவோடு கலந்து, கோழிச் சாற்றில் வேக வைத்த பாஸ்தாவின் மேல் தாராளமாகத் தூவுவார்கள்.

வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் ‘ஹலூமி’, துருக்கிய வழக்கில் ‘ஹெலிம்’, என்ற பெயருக்குப் புவிசார் பாதுகாப்பு கொடுத்தது. அங்கே இந்தப் பெயரோடு விற்பது சைப்ரஸில் செய்ததாக இருக்க வேண்டும். மற்ற நாட்டுத் தயாரிப்புகள் ‘கிரில் சீஸ்’ போன்ற பெயர்களில் வருகின்றன. சைவர்கள் ரென்னெட் விலங்கிலிருந்து எடுத்ததா, நுண்ணுயிரியிலிருந்து வந்ததா என்று பார்த்து வாங்குவது நல்லது. இரண்டு வகையும் சந்தையில் உண்டு.

பிரித்த பொட்டலத்தில் மிச்சமிருந்தால் திறந்தபடி ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம், ஓரம் காய்ந்து மஞ்சளாகும். கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரில் மூழ்க வைத்து மூடி, சில நாளுக்குள் முடித்துவிடுங்கள். ஃபிரீசரில் வைத்தால் கெடாது, ஆனால் உறைவு விட்டபின் வெட்டினால் உதிரும். அதனால் துண்டு போட்ட பிறகே ஃபிரீசரில் வையுங்கள்.