பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கப் போகிறீர்களா? முதலில் கைடைப் பிடியுங்கள்

எம்.ஏ.வோ எம்.எஸ்சி.யோ முடித்துவிட்டு பிஎச்.டி. சேர நினைப்பவர்கள் பெரும்பாலும் அறிவிப்பு வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் இது சரிப்படாது. விண்ணப்பத்தை நிரப்ப ஒரு மணி நேரம் போதும், கைடு, அதாவது ஆய்வு நெறியாளர், கிடைப்பதுதான் மாதக்கணக்கில் இழுக்கும், அவருடைய சம்மதக் கடிதம் இல்லாமல் பல இடங்களில் விண்ணப்பமே நகராது.

அதற்கு முன் தகுதியைப் பார்த்துவிடுங்கள். முதுகலையில் 55 சதவீதம் வேண்டும். எஸ்சி, எஸ்டி, ஓபிசி, மாற்றுத்திறனாளிகள், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு 5 சதவீதம் தளர்வு உண்டு. நான்காண்டு இளங்கலையில் 75 சதவீதம் எடுத்தவர்களும் நேரடியாக வரலாம். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2022 விதிமுறைகளோடு எம்.பில். போய்விட்டது, அதனால் "எம்.பில். முடித்துவிட்டு வா" என்று யாராவது பழைய ஞாபகத்தில் சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

சரி, கைடு. பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேரையும், இணைப்பேராசிரியர் 6 பேரையும், உதவிப்பேராசிரியர் 4 பேரையும்தான் வைத்துக்கொள்ள முடியும். பெயர் பெற்றவர்களிடம் எப்போதும் இடம் நிரம்பித்தான் இருக்கும், ஒருவர் வைவா எனும் இறுதி வாய்மொழித் தேர்வை முடித்துப் போனால்தான் ஒரு வேகன்சி. பலர் கவனிக்காத இன்னொரு விதியும் இருக்கிறது: பணி ஓய்வுக்கு மூன்று வருடத்துக்குக் குறைவாக இருக்கும் ஆசிரியர் புதிதாக யாரையும் எடுக்க முடியாது. அதனால் அவர் எப்போது ஓய்வு பெறுகிறார் என்பதை அவரிடம் கேட்கச் சங்கடமாக இருந்தால் துறை அலுவலகத்திலாவது கேட்டுவிடுங்கள். கல்லூரி ஆசிரியர் என்றால் அவருக்குப் பல்கலைக்கழகத்தின் கைடு அங்கீகாரம் இருக்கிறதா, அந்தத் துறை ஆராய்ச்சித் துறையாக அங்கீகரிக்கப்பட்டதா என்றும் பார்க்க வேண்டும்.

ஆளை எப்படி எடைபோடுவது? ஷோத்கங்கா தளத்துக்குப் போங்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளை அங்கே இலவசமாகப் படிக்கலாம், கைடு பெயரை வைத்தும் தேடலாம். அவரிடம் படித்தவர்களின் ஆய்வேடுகள் இரண்டைத் திறந்து முன்னுரையையும் முடிவுரையையும் மட்டும் படியுங்கள். ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருந்தால் யோசியுங்கள். அப்புறம் அவரிடம் இப்போது படிக்கும் ஸ்காலர் யாரையாவது கேண்டீனில் பிடித்துப் பேசுங்கள். அத்தியாயம் கொடுத்தால் எத்தனை நாளில் திருத்தி வருகிறது, வீட்டு வேலை, வங்கி வேலையெல்லாம் தலையில் விழுமா என்பதெல்லாம் எந்த இணையதளத்திலும் இருக்காது.

அவருக்கு மெயில் அனுப்பும்போது "மதிப்பிற்குரிய ஐயா, தங்களிடம் ஆய்வு செய்ய விரும்புகிறேன்" என்று மட்டும் எழுதி பயோடேட்டாவை ஒட்டி அனுப்பாதீர்கள், அப்படி வருவதை அவர்கள் திறப்பதே அபூர்வம். அவருடைய ஒரு கட்டுரையைப் படித்து, அதில் எது உங்களை இழுத்தது என்று இரண்டு வரி எழுதுங்கள். அடுத்து உங்கள் தலைப்பு. "பெண் தொழிலாளர்களும் சமூக மாற்றமும்" என்பதில் நூறு ஆய்வேடு எழுதலாம், அதனாலேயே ஒன்றுகூட எழுத முடியாது. "2010க்குப் பிறகு ஒடிசாவிலிருந்து திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு வந்த பெண்களின் விடுதி வாழ்க்கை" என்று சொன்னால் எங்கே போவீர்கள், யாரைப் பார்ப்பீர்கள், என்ன கேட்பீர்கள் என்று அவருக்கே புரிந்துவிடும். ஆய்வுத் திட்டச் சுருக்கமான சினாப்சிஸும் இதே கதைதான்: கேள்வி என்ன, இதுவரை யார் என்ன சொல்லியிருக்கிறார்கள், தரவு எங்கிருந்து வரும். தலைப்பு பின்னால் மாறும், எல்லோருக்கும் மாறுகிறது, அதற்காக இப்போது மொட்டையாக எழுத வேண்டியதில்லை.

நுழைவுத் தேர்வு விஷயத்தில் 2024லிருந்து தேசியத் தகுதித் தேர்வான நெட் மதிப்பெண்ணை வைத்தே பிஎச்.டி.க்குச் சேரலாம் என்று யுஜிசி வழி திறந்திருக்கிறது. நெட் வழியாகத் தரும் ஜேஆர்எஃப் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அதற்கப்புறம் 42,000. ஜேஆர்எஃப் இல்லாமல் தேறியவர்களுக்கு நெட் மதிப்பெண்ணுக்கு 70, நேர்காணலுக்கு 30 என்று கணக்கு, அந்த மதிப்பெண் ஒரு வருடம்தான் செல்லும். சொந்தத் தேர்வு நடத்தும் பல்கலைக்கழகங்களில் பாதிக் கேள்வி ஆராய்ச்சி முறையியலில் இருந்து வரும், பாடத்தை மட்டும் உருப்போட்டுவிட்டுப் போகாதீர்கள்.

இனி காகிதங்கள். நம் ஊர் இனிஷியல் இங்கேதான் வேலையைக் காட்டும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் முன்னால், ஆதாரில் பின்னால், பட்டத்தில் அப்பா பெயர் முழுசாக என்று மூன்று விதமாக இருந்தால் இப்போதே சரிசெய்யத் தொடங்குங்கள். கையில் பிசி, எம்பிசி சான்றிதழ் இருக்கிறதே என்று நெட் விண்ணப்பத்தில் ஓபிசி என்று போட்டுவிட முடியாது, மத்திய அரசுப் படிவத்தில் கிரீமி லேயர், அதாவது வசதியான பிரிவு, இல்லை என்ற தனிச் சான்றிதழ் வாங்க வேண்டும். வேலையில் இருந்துகொண்டு பார்ட் டைமாகச் சேர்பவர்கள் அலுவலகத்தில் ஆட்சேபணை இல்லை என்ற என்ஓசி கடிதத்துக்கு முதல் ஆளாக எழுதிக் கொடுங்கள், அந்தக் கோப்பு மேசை மேசையாக உலாவும்.

தொலைநிலைக் கல்வியில் பிஎச்.டி., வீட்டிலிருந்தே ஆறு மாதத்தில் வெளிநாட்டு டாக்டர் பட்டம், ஆய்வேடும் நாங்களே எழுதித் தருகிறோம் என்று வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் அப்படியே அழித்துவிடுங்கள். குறைந்தது மூன்று வருடமில்லாமல் இங்கே பிஎச்.டி. கிடையாது, அதிகபட்சம் ஆறு, அதற்குமேல் இரண்டு வருடம் நீட்டிப்பு கேட்கலாம்.

இடம் கிடைத்ததும் கேட்பது அசல் டிசி. வேறு பல்கலைக்கழகத்தில் படித்திருந்தால் மைக்ரேஷன் சான்றிதழும் சேர்த்துக் கேட்பார்கள். கொடுக்கும் முன் ஸ்கேன் செய்து, நாலைந்து ஜெராக்ஸும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், போன டிசி திரும்ப வராது.