அளக்காமல் கழற்ற வேண்டாம்: நவீன பெட்ரோல் என்ஜின் பழுதுபார்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்தியச் சாலைகளில் ஓடும் பெட்ரோல் கார்களின் என்ஜின் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பெரிதும் மாறிவிட்டது. 2013இல் ஃபோர்டு ஈகோஸ்போர்ட், ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ போன்ற கார்களோடு பரவத் தொடங்கிய சிறிய டர்போ என்ஜின், 2020 ஏப்ரல் 1ஆம் தேதி பாரத் ஸ்டேஜ் 6 விதிமுறை நடைமுறைக்கு வந்த பிறகு சாதாரணக் குடும்பக் கார்களுக்கும் வந்து சேர்ந்தது. பெரும்பாலும் மூன்று சிலிண்டர், ஒரு லிட்டர் கொள்ளளவு, 100 குதிரைத்திறனும் அதற்கு மேலும் என்று வரும் இந்த என்ஜின்களில் இடைவெளிகள் குறைவு, வெப்பம் அதிகம், ஒவ்வொரு போல்ட்டுக்கும் தனி இறுக்க அளவு உண்டு. ஆனால் வேலை செய்யும் முறை பல இடங்களில் பழைய கார்புரேட்டர் காலத்திலேயே நிற்கிறது. சிறப்புப் பட்டறைகளுக்குக் கடைசியாக வந்து சேரும் கார்களில் கணிசமானவை, முதல் பழுதைவிட அந்தப் பழுதுக்காகச் செய்யப்பட்ட வேலையால் அதிகம் கெட்டுப்போனவை என்பது இத்துறையில் இருப்பவர்கள் அனைவரும் அறிந்த, வருத்தம் தரும் உண்மை.

முதல் தவறு, ஸ்கேனரில் வரும் குறியீட்டையே தீர்ப்பாக எடுத்துக்கொள்வது. செக் என்ஜின் விளக்கு எரிகிறது, ஸ்கேனரைச் செருகினால் பி0171 என்று வருகிறது, உடனே ஆக்சிஜன் சென்சாரை மாற்றிவிடுகிறார்கள். அந்தக் குறியீடு சொல்வது ஒன்றே ஒன்றுதான்: காற்றோடு ஒப்பிடும்போது எரிபொருள் குறைவாக இருப்பதாகக் கம்ப்யூட்டர் கணித்திருக்கிறது. அதைக் கண்டுபிடித்துச் சொன்னதே ஆக்சிஜன் சென்சார்தான். பெரும்பாலும் அது தன் வேலையைச் சரியாகவே செய்துகொண்டிருக்கும். பி0420 வந்தால், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை மாற்றுவதும் இதே வகைத் தவறு. சைலன்சர் குழாயில் உள்ள ஒரு சிறு கசிவோ, பல மாதங்களாகக் கவனிக்காமல் விட்ட மிஸ்ஃபயரோ (சிலிண்டரில் கலவை சரியாக எரியாமல் போவது) அந்தக் குறியீட்டைக் கொண்டுவந்திருக்கலாம். காரணம் அப்படியே இருக்க, விலை உயர்ந்த புதிய கன்வெர்ட்டரும் சில மாதங்களில் பாழாகும்.

இதற்குச் சரியான வழி, அதே ஸ்கேனரில் நேரடி அளவீடுகளைப் பார்ப்பது. ஃபியூல் ட்ரிம் என்று ஒரு எண் ஓடும். கம்ப்யூட்டர் தன் அடிப்படைக் கணக்கோடு எவ்வளவு எரிபொருளைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பதை அது சதவீதத்தில் காட்டும். நல்ல என்ஜினில் இது பூஜ்யத்தை ஒட்டி, ஐந்து சதவீதம் முன்னும் பின்னும் நிற்கும். ஒரு காரில் ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் என்ஜின் சும்மா ஓடும்போது, நீண்டகால ட்ரிம் கூட்டல் 22 என்று நிற்கிறது, என்ஜினை நிமிடத்துக்கு 2,500 சுற்றுக்கு உயர்த்தியதும் அது 4க்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இது அளக்கப்படாத காற்று எங்கோ உள்ளே நுழைவதன் அடையாளம், ஏனெனில் ஐடிலில் என்ஜின் இழுக்கும் மொத்தக் காற்றே குறைவு என்பதால் சிறு ஓட்டையும் பெரிய பங்காகத் தெரியும். காற்று உள்ளே செல்லும் பாதையான இன்டேக்கில் புகையைச் செலுத்திப் பார்த்தால், காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்தனுப்பும் மேனிஃபோல்டுக்கு அடியில் வெடித்துப்போன ஒரு பிசிவி ரப்பர் குழாயிலிருந்து (என்ஜினுக்குள் சேரும் ஆவியை இன்டேக்குக்குத் திருப்பும் குழாய்) மெல்லிய புகை எழுவதைக் கண்ணாலேயே காணலாம். மாறாக, ஐடிலில் 3, ஏற்றத்தில் பாரம் இழுக்கும்போது 18 என்று காட்டினால், பெட்ரோல் பம்ப்பின் அழுத்தத்தையும் காற்றளவு சென்சாரையும் சந்தேகிக்க வேண்டும். குறியீடு இரண்டுக்கும் ஒன்றே. வேலை முற்றிலும் வேறு. இந்தப் பத்து நிமிடச் சோதனையைச் செய்யாமல் பாகத்தை மாற்றும் பட்டறை, வாடிக்கையாளரின் பணத்தில் பரிசோதனை நடத்துகிறது என்றே சொல்ல வேண்டும்.

இங்கே ஒரு சிறு கூடுதல் குறிப்பு தேவை. எத்தனால் தன்னுள்ளேயே ஆக்சிஜன் கொண்டது என்பதால், அது கலந்த பெட்ரோல் அளவில் சற்று அதிகமாகத் தேவைப்படும். 10 சதவீத எத்தனாலுக்கு அமைக்கப்பட்ட காரில் 20 சதவீதக் கலவையை ஊற்றினால் ட்ரிம் ஏறத்தாழ 4 சதவீதம் மேலே நகர்வது இயல்பு. அதைக் கோளாறாக எண்ணி இன்ஜெக்டரைக் கழற்றத் தொடங்கக் கூடாது.

ஆயில் விஷயத்தில் நடக்கும் தவறுகள் இதைவிட அமைதியாக, இதைவிட அதிகச் சேதம் செய்கின்றன. நம் ஊர் வெயிலுக்கு மெல்லிய ஆயில் தாங்காது என்று சொல்லி, 0டபிள்யூ-20 கேட்கும் என்ஜினில் 20டபிள்யூ-50 ஊற்றுவது இன்றும் நடக்கிறது. கேம்ஷாஃப்ட்டின் நேரத்தை மாற்றும் விவிடி அமைப்பு, செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர், டர்போவின் தாங்கி ஆகிய அனைத்தும் குறிப்பிட்ட ஓட்டத்தன்மையை நம்பியே வடிவமைக்கப்பட்டவை; தடித்த ஆயில் காலை நேரத்து முதல் ஸ்டார்ட்டில் அங்கெல்லாம் போய்ச் சேரவே தாமதமாகும். பாகுத்தன்மை எண்ணை மட்டும் பார்ப்பதும் போதாது. பெட்ரோலைச் சிலிண்டருக்குள்ளேயே தெளிக்கும் நேரடி இன்ஜெக்ஷன் டர்போ என்ஜின்களில் குறைந்த சுற்றில் அதிகப் பாரம் விழும்போது, பிளக் பொறி தருவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொண்டு பிஸ்டனை உடைக்கும் ஒரு கோளாறு உண்டு. ஆயிலில் சேர்க்கும் கால்சியம் வகை வேதிப்பொருட்கள் இதற்கு ஒரு காரணம் என்று தெரியவந்த பிறகே அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் (ஏபிஐ) தரங்களில் 2018இல் ஏபிஐ எஸ்என் பிளஸ், 2020இல் ஏபிஐ எஸ்பி என்பவை வந்தன. ஆகவே டின்னில் உள்ள தர எழுத்துகளையும், கார் நிறுவனத்தின் சொந்த ஒப்புதல் எண்ணையும் கையேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே ஊற்ற வேண்டும்.

ஆயில் மாற்றும் இடைவெளியைக் கிலோமீட்டரை மட்டும் வைத்துத் தீர்மானிப்பதும் தவறு. தினமும் மூன்று நான்கு கிலோமீட்டர் மட்டும் நகருக்குள் ஓடும் காரில் என்ஜின் முழுச் சூட்டை எட்டுவதேயில்லை. எரியாத பெட்ரோல் ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்யும். ஆயில் குச்சியில் மட்டம் ஏறியிருப்பதும் பெட்ரோல் வாடை அடிப்பதும் அதன் அறிகுறிகள். அத்தகைய காருக்குக் கையேட்டில் கடுமையான பயன்பாட்டுக்கென்று குறித்திருக்கும் இடைவெளியே பொருந்தும்.

வால்வுகளைப் பிஸ்டன்களோடு நேரம் தவறாமல் இயக்கும் டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடும் என்ஜின்களில் இந்தக் கவனம் இருமடங்கு வேண்டும். செங்கல்பட்டு மாவட்டம் மறைமலைநகரில் தயாரான ஈகோஸ்போர்ட்டின் 1.0 லிட்டர் ஈகோபூஸ்ட் வகை நமக்கு அருகிலேயே உள்ள உதாரணம். தரம் மாறிய ஆயிலோ, கரைப்பான் கலந்த என்ஜின் ஃப்ளஷ் திரவமோ அந்தப் பெல்ட்டின் ரப்பரை ஊறிப் பிரியச் செய்யும்; உதிரும் துகள்கள் ஆயில் பம்ப்பின் வடிகட்டியில் போய் அடைக்கும். பெல்ட் அறுவதற்கு முன்பே ஆயில் அழுத்தம் விழுந்து என்ஜின் சிக்கிக்கொள்வது இப்படித்தான். இத்தகைய காரில் ஆயில் அழுத்த விளக்கு ஒரு நொடி மின்னி மறைந்தாலும், சென்சாரை மாற்றி அனுப்பாமல் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பைக் கழற்றி வடிகட்டியைப் பார்க்க வேண்டும். இந்த வகை என்ஜினுக்கு ஃப்ளஷ் விற்கும் எந்தப் பட்டறையையும் நான் நம்ப மாட்டேன்.

பெல்ட்டுக்குப் பதிலாகச் செயின் உள்ள என்ஜின்களுக்கு ஆயுள் முழுவதும் கவலையில்லை என்பது மற்றொரு தவறான நம்பிக்கை. அழுக்கு ஆயிலில் ஓடும் செயினின் இணைப்புகள் தேய்ந்து நீளும். டென்ஷனரின் நீட்சி ஒரு கட்டத்தில் முடிந்துவிடும். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் இரண்டு மூன்று நொடி கரகரவென்று சத்தம் வந்து நின்றால், கிராங்கும் கேமும் ஒத்துப்போகவில்லை என்று சொல்லும் பி0016 குறியீடு சேர்ந்து வந்தால், கேம் சென்சாரை மாற்றிக் காலம் கடத்தக் கூடாது. செயின் பல் தாண்டி வால்வும் பிஸ்டனும் மோதினால் அதன் பிறகு பேசுவதற்கு அதிகம் மிஞ்சாது.

டைமிங் வேலையைச் செய்யும் முறையிலும் பெரும் தவறுகள் நிகழ்கின்றன. பழைய என்ஜின்களில் பல்சக்கரம் ஷாஃப்ட்டில் சாவி எனப்படும் ஒரு சிறு உலோகத் துண்டால் பொருந்தியிருக்கும். மார்க் பார்த்து மாட்டினால் போதும். இன்றைய பல என்ஜின்களில், ஃபோர்டின் ஈகோபூஸ்ட் உட்பட, அந்தச் சாவியே கிடையாது; நடு போல்ட்டின் இறுக்கம் மட்டுமே பல்சக்கரத்தை ஷாஃப்ட்டோடு பிடித்து வைத்திருக்கிறது. ஷாஃப்ட்டுகளை அசையாமல் பிடிக்கும் பூட்டுக் கருவியைப் பொருத்தாமல் அந்தப் போல்ட்டைத் தளர்த்திய கணமே டைமிங் தொலைந்துவிடும். பெயிண்ட் மார்க் வைத்துக்கொண்டேன் என்பது அதற்கு ஈடாகாது. மேலும் இத்தகைய போல்ட்டுகளும் சிலிண்டர் ஹெட் போல்ட்டுகளும் பெரும்பாலும் ஒருமுறை நீண்டு பிடிக்கும் வகையைச் சேர்ந்தவை. முதலில் குறிப்பிட்ட நியூட்டன் மீட்டர், பிறகு 90 பாகை, மீண்டும் 90 பாகை என்பது போல இவற்றை முறுக்க வேண்டியிருக்கும். கழற்றியவற்றையே மீண்டும் போடுவதும், கை அளவில் இறுக்குவதும், ஏர் கன்னால் அடிப்பதும் ஹெட் கேஸ்கெட்டைச் சில ஆயிரம் கிலோமீட்டருக்குள் மறுபடி கசியச் செய்யும். வேலை முடிந்ததும் ஸ்பேனரால் கையாலேயே கிராங்கை முழுதாக இரண்டு சுற்று சுற்றி, பூட்டுக் கருவி மீண்டும் தடையின்றி உள்ளே போகிறதா என்று பார்க்காமல் என்ஜினை ஸ்டார்ட் செய்யக் கூடாது.

சூடேறிய என்ஜினுக்கு, கூலன்ட்டின் ஓட்டத்தைச் சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் பழக்கம் நம்மிடம் ஆழமாக வேரூன்றியுள்ளது. அப்படிச் செய்தால் என்ஜின் உரிய சூட்டை எட்டாது. குளிர்ந்த என்ஜின் என்று எண்ணிக் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும், மைலேஜ் குறையும், ஆயில் நீர்க்கும், பி0128 குறியீடு வரும். கூலன்ட்டின் நிறத்தைப் பார்த்து வாங்குவதும், குழாய்த் தண்ணீர் ஊற்றுவதும் இதற்கு இணையான தவறுகள். நிறம் வெறும் சாயம். ஒரே இளஞ்சிவப்பில் வெவ்வேறு வேதியியல் கொண்ட கூலன்ட்டுகள் விற்கின்றன. கடினத்தன்மை உள்ள நீர் அலுமினியப் பாதைகளில் உப்புப் படிவை உண்டாக்கும்.

ஒருமுறை கொதித்த என்ஜினின் ஹெட்டைக் கழற்றினால், நேர்விளிம்புச் சட்டத்தை நீளவாக்கிலும் குறுக்காகவும் மூலைவிட்டமாகவும் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். பல என்ஜின்களில் 0.05 மில்லிமீட்டர் வளைவே எல்லை. இன்றைய பல அடுக்கு எஃகுக் கேஸ்கெட்டுகள் பரப்பு மிகவும் வழவழப்பாக இருந்தால்தான் பிடிக்கும் என்பதால், லேத்தில் கரடுமுரடாகச் சீவித் தரும் ஹெட் பயன்படாது. பழைய கேஸ்கெட்டின் எச்சத்தை அகற்ற, சுழலும் நார்த்தட்டை அலுமினியத்தின் மீது ஓட்டுவதை முற்றிலும் கைவிட வேண்டும். அதிலிருந்து உதிரும் அலுமினிய ஆக்சைடு துகள் கண்ணுக்குத் தெரியாது. ஆயில் பாதைக்குள் போனால் பேரிங்குகளை உப்புத்தாள் போல அரித்துவிடும். பிளாஸ்டிக் சுரண்டியும் பொறுமையும் போதும்.

ஆயில் குடிக்கும் என்ஜினைப் போரிங்குக்கு, அதாவது சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்க, அனுப்புவதற்கு முன்பும் ஒரு கேள்வி உண்டு. சென்னை அருகே ஒரகடத்தில் தயாராகும் நிஸான் மேக்னைட்டின் 1.0 டர்போ என்ஜினில், சிலிண்டரின் உட்சுவரில் இரும்பு லைனருக்குப் பதிலாக மெல்லிய உலோகப் பூச்சு தெளிக்கப்பட்டிருக்கிறது. அதைக் குடைந்தால் பூச்சே போய்விடும். குடைந்து பெரிய பிஸ்டன் போடலாமா என்பதை என்ஜின் வகையை உறுதிசெய்த பிறகே முடிவுசெய்ய வேண்டும்.

ஒவ்வொரு சர்வீஸிலும் டீகார்பனைசிங் (கார்பன் படிவை அகற்றுதல்) என்று ஒரு தொகையைப் பில்லில் சேர்ப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. இன்டேக் குழாயில் பெட்ரோலைத் தெளிக்கும் எம்பிஐ என்ஜினில், ஒவ்வொரு தெளிப்பும் இன்டேக் வால்வைக் கழுவிக்கொண்டே இருக்கும். அங்கே இந்தச் செலவு பெரும்பாலும் வீண். டர்போ இருப்பதாலேயே நேரடி இன்ஜெக்ஷன் என்று கருதவும் கூடாது. டாடா நெக்ஸானின் 1.2 ரெவோட்ரான், மேக்னைட் இரண்டும் டர்போ இருந்தும் எம்பிஐ வகையே. டிஎஸ்ஐ, டி-ஜிடிஐ, பூஸ்டர்ஜெட் போன்ற நேரடி இன்ஜெக்ஷன் என்ஜின்களில் பெட்ரோல் சிலிண்டருக்குள்ளேயே போவதால் வால்வின் பின்புறம் ஆயில் ஆவி படிந்து கார்பனாக இறுகுகிறது. ஆனால் பெட்ரோல் டாங்கில் ஊற்றும் எந்த மருந்தும் அந்த வால்வைத் தொடாது என்பதை விற்பவர்கள் சொல்வதில்லை. போர்ஸ்கோப் கேமராவை உள்ளே விட்டு வால்வைப் படமெடுத்துக் காட்டச் சொல்லுங்கள். படிவு தடித்திருந்தால், மேனிஃபோல்டைக் கழற்றி, அந்தச் சிலிண்டரின் இன்டேக் வால்வுகள் முழுதாக மூடியிருக்கும் நிலைக்கு கிராங்கைத் திருப்பி, வால்நட் ஓட்டுத் துகளைக் காற்றோடு அடித்துச் சுத்தம் செய்வதே நம்பகமான முறை. வால்வு சிறிது திறந்திருந்தாலும் துகள்கள் சிலிண்டருக்குள் இறங்கிவிடும்.

இதே என்ஜின்களில் எரிபொருள் அழுத்தம் 200 பாருக்கு மேல், சிலவற்றில் 350 பார் வரை செல்கிறது. அழுத்தத்தை இறக்காமல் குழாயைத் தளர்த்தினால் பீறிடும் பெட்ரோல் தோலைத் துளைத்து உள்ளே போகும். அது அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம். தீ அபாயம் தனி. இன்ஜெக்டரின் டெஃப்லான் வளையத்தைப் பழையதையே திரும்பப் போடுவதும் கூடாது.

சிறு வேலைகளில் இரண்டை மட்டும் சொல்கிறேன். இரிடியம் பிளக்கின் நுனியைக் கம்பி கேஜால் நெம்பினால் அது உடையும். உள்ளே போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் மின்னணு த்ராட்டிலின் தகட்டை விரலால் தள்ளித் துடைத்தால் பல்சக்கரம் பாதிக்கும்; துடைத்த பிறகு ஸ்கேனரில் அடாப்டேஷன் (தகட்டின் நிலையைக் கம்ப்யூட்டருக்கு மீண்டும் பழக்குதல்) செய்யாவிட்டால் ஐடில் ஏறி இறங்கும்.

பெரிய வேலை முடிந்த என்ஜினையோ புதிய டர்போவையோ உடனே ஸ்டார்ட் செய்து ஆக்சிலரேட்டரை மிதிப்பது, செய்த வேலை அனைத்தையும் ஒரு நிமிடத்தில் கெடுக்கும். டர்போவின் ஆயில் குழாயில் புது ஆயில் விட்டு, இன்ஜெக்டர் இணைப்பைக் கழற்றி வைத்துக்கொண்டு, ஆயில் அழுத்தம் எழும் வரை ஸ்டார்ட்டரை இடைவெளி விட்டுச் சுற்ற வேண்டும். பிறகு ஐடிலில் ஓடவிட்டு, கூலன்ட்டின் காற்றை வெளியேற்றி, ரேடியேட்டர் விசிறி இரண்டு முறை ஓடி நிற்கும் வரை காத்திருக்க வேண்டும். காரை அன்றே ஒப்படைக்க அவசரப்படாமல், மறுநாள் காலை என்ஜின் முழுதும் ஆறிய நிலையில் கூலன்ட் மட்டத்தையும் ஆயில் மட்டத்தையும் மீண்டும் பார்த்து, அந்த அளவுகளை ஜாப் கார்டில் எழுதித் தரும் பட்டறையிடம் வண்டியை விடலாம்.