எலி மூட்டுவாத ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆய்வகத்துக்குப் புதிதாக வந்த மாணவி போன வாரம் தன் வரைபடத்தைக் காட்டினார். இந்தோமெதசின் என்ற அழற்சி எதிர்ப்பு மருந்து கொடுத்த எலிகளின் பாத வீக்கம் அழகாக இறங்கியிருந்தது. மேலே தலைப்பு: 'வலி குறைந்தது'. எனக்குப் பழைய புண்ணைக் கிளறியது போலிருந்தது. கூண்டு எண் மாறிப்போவது, எடை பார்க்காமல் மருந்தளவு போடுவது பற்றியெல்லாம் எழுதப் போவதில்லை. ஒருமுறை பட்டால் தானாகப் புத்தி வரும்.

வீக்கத்தை அளந்துவிட்டு வலி என்று எழுதுவது

பாதத்தை முக்கினால் எவ்வளவு நீர் விலகுகிறது? வீக்கத்தை அளக்கும் பிளெதிஸ்மோமீட்டர் கருவி சொல்வது அவ்வளவுதான். கணுக்காலில் போட்ட மார்க்கர் கோடு கொஞ்சம் நகர்ந்தாலே எண் மாறும். நானும் ஒரு காலத்தில் மூட்டுவாதத்தை வரவழைக்கும் ஃப்ராய்ண்ட் அட்ஜுவன்ட் ஊசி போட்ட எலிகளை மூன்று வாரம் முக்கி முக்கி எடுத்து, வலியைப் பற்றிக் கட்டுரை எழுதி அனுப்பினேன். "வலியை எங்கே அளந்தீர்கள்?" என்ற ஒற்றை வரியோடு திரும்பி வந்தது. அதற்குள் அந்த எலிகள் உயிரோடு இல்லை. எல்லாம் முதலிலிருந்து.

இந்தோமெதசின் வகை மருந்துகள் காக்ஸ் என்ற நொதியை அடக்கி, புராஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் உருவாவதைக் குறைக்கின்றன. ஆஸ்பிரின் விஷயத்தில் மருந்தியலாளர் ஜான் வேன் 1971இல் காட்டியது இதைத்தான். வலி விஷயத்தில் புராஸ்டாகிளாண்டினின் முக்கிய வேலை நரம்பு முனைகளைத் தொட்டாற்சிணுங்கியாக்குவது. அது குறைந்ததும், வீக்கம் முழுதாக வடியாதபோதே எலி காலை ஊன்றத் தொடங்கலாம். மார்ஃபினில் இந்த இடைவெளி இன்னும் அப்பட்டமாகத் தெரியும். அதனால் குறிப்பிட்ட அழுத்தத்தில் வளையும் மெல்லிய வான் ஃப்ரே இழையால் உள்ளங்காலைத் தொட்டு, எத்தனை கிராம் அழுத்தத்தில் காலை இழுக்கிறது என்று பாருங்கள். பின்னங்கால் இரண்டிலும் உடல் எடை எப்படிப் பிரிகிறது என்றும் பாருங்கள். நோயில்லாத எலிகளுக்கும் அதே மருந்தைக் கொடுங்கள். அவற்றுக்கும் தாங்கும் அளவு ஏறினால், அழற்சி தணிந்ததால் வந்த பலனா, எலி சோர்ந்து கிடக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும்.

முதல் நாளே மருந்தைத் தொடங்குவது

அது தடுப்பு, நிவாரணம் அல்ல. வாலடியில் அட்ஜுவன்ட் ஊசி போட்டால் மூட்டுகள் வீங்க 10 முதல் 14 நாள் ஆகும். காத்திருங்கள்.

எந்த எலிக்கு எந்த மருந்து என்று தெரிந்தே அளப்பது

வேண்டாம்.

ஆள் மாற்றி அளப்பது

ஆண்களின் வாசனையே எலிகளின் வலி எதிர்வினையைக் குறைக்கிறது என்று 2014இல் ஓர் ஆய்வு வந்தது. படித்தபோது சிரித்தேன். பிறகு என் எண்களையும் மாணவியின் எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இப்போது தொடக்கம் முதல் கடைசிவரை அவர் மட்டுமே அளக்கிறார். நான் அந்த அறைக்குள் போவதில்லை.