பழைய மடிக்கணினியில் வீட்டு ஆவணக் காப்பகம்: அதிகம் பேசப்படாத மூன்று செயலிகளும் நிறுவும் முறையும்

வீட்டில் சொந்தச் சேவையகம் ஒன்றை ஓட்ட விரும்புபவர்களுக்கு வழமையாகச் சொல்லப்படும் பெயர்கள் கோப்புகளுக்கு நெக்ஸ்ட்கிளவுட், திரைப்படங்களுக்கு ஜெலிஃபின், ஒளிப்படங்களுக்கு இம்மிச் ஆகியவை. அவற்றைப் பற்றி வேண்டிய அளவு எழுதப்பட்டுவிட்டது. ஆனால் யாழ்ப்பாணத்து வீடொன்றில் திரைப்படங்களுக்கும் ஒளிப்படங்களுக்கும் முன்னதாகக் காப்பாற்றப்பட வேண்டியவை காகிதங்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்: காணி உறுதிகள், பிறப்பு, விவாக, இறப்புச் சான்றிதழ்கள், பரீட்சைப் பெறுபேறுகள், இடம்பெயர்ந்த காலத்துப் பதிவு அட்டைகள். கனடாவிலோ ஜேர்மனியிலோ இருக்கும் பிள்ளை ஒரு சான்றிதழின் பிரதியை உடனே அனுப்பச் சொல்லும்போது, அலுமாரியைக் கிளறாமல் ஒரு சொல்லைத் தட்டெழுதி அதை எடுக்க முடிய வேண்டும். அதற்கு உதவும் பேப்பர்லெஸ் என்ஜிஎக்ஸ் என்ற மென்பொருளையே இங்கே விரிவாக விளக்குகிறேன். கூடவே விக்கிப்பீடியாவை வீட்டில் வைத்திருக்க உதவும் கிவிக்ஸ், வம்சாவளியை எழுத உதவும் கிராம்ப்ஸ் வெப் ஆகிய இரண்டையும் சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்றும் கட்டற்ற மென்பொருள்கள். நிறுவி முடித்த பின்னர் மூன்றும் இணையம் இல்லாத வேளையிலும் வீட்டு வை-ஃபையில் வேலை செய்யும். இந்தத் தகுதி இல்லாத எதையும் நான் பரிந்துரைப்பதில்லை.

லினக்ஸ் நிறுவுவதும், முனையத்தில் கட்டளை கொடுப்பதும், செயலிகளைக் கலன்கள் எனப்படும் தனித்தனிப் பொதிகளாக ஓட்டும் டொக்கரை நிறுவுவதும் வாசிப்பவருக்குத் தெரியும் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதற்படி: இயந்திரம்

பழைய மடிக்கணினி ஒன்றே போதும். எட்டு ஜிபி நினைவகமும் எஸ்எஸ்டி வட்டும் இருந்தால் இந்த மூன்று செயலிகளும் தடையின்றி ஓடும். பலர் ராஸ்பெரி பையை விரும்புகிறார்கள். மின்சாரம் நினைத்த நேரத்தில் நின்று வரும் இடத்தில், நினைவக அட்டையிலிருந்து ஓடும் ராஸ்பெரி பையை ஆவணக் காப்பகமாக வைப்பதை நான் ஏற்கமாட்டேன். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் அந்த அட்டையில் உள்ள கோப்புகள் சிதையக்கூடும். மடிக்கணினியில் மின்கலம் கூடவே இருப்பதால் தனியாக யுபிஎஸ் வாங்கத் தேவையில்லை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறந்துவிடவில்லை. அவ்வளவு நேரத்துக்கு எந்த மடிக்கணினி மின்கலமும் தாங்காது. ஆனால் மின்கலம் குறையும்போது இயந்திரம் ஒழுங்காக அணைந்துவிட்டால், தரவுத்தளத்துக்கு ஆபத்து இல்லை.

டெபியன் என்ற லினக்ஸ் வகையை வரைகலை முகப்பு இல்லாமல் நிறுவிய பின்னர் இரண்டு அமைப்புகளை மாற்ற வேண்டும். மூடியை மூடினால் உறக்கத்துக்குப் போகாதபடி லொஜின்ட் அமைப்புக் கோப்பில் மாற்றம் செய்யுங்கள். பயொஸ் பகுதியில், மின்சாரம் திரும்பியதும் தானாக இயங்கும் தெரிவு இருந்தால் அதை இயக்கிவிடுங்கள். பல வணிகவகை மடிக்கணினிகளில் அது உண்டு. எந்நேரமும் மின்னிணைப்பில் இருக்கும் மின்கலம் நம் வெப்பத்தில் வீங்கக்கூடும் என்பதால், மின்னேற்றத்தை 80 வீதத்துடன் நிறுத்தும் வசதி இருந்தால் அதையும் பயன்படுத்துங்கள். ஐப்பசி, கார்த்திகை மாத இடிமின்னலில் செப்புக் கம்பிவழி இணைய இணைப்பு உள்ளவர்கள் ரவுட்டரின் கம்பியைக் கழற்றி வைப்பது நல்லது.

இரண்டாம் படி: கலன்களை நிர்வகிக்க டொக்ஜ்

இதற்குப் போர்ட்டெய்னர் என்ற செயலியைப் பலர் சொல்வார்கள். நான் டொக்ஜ் என்ற சிறிய செயலியையே விரும்புகிறேன். கலன்களை எப்படி ஓட்டுவது என்று நீங்கள் எழுதிவைக்கும் கொம்போஸ் கோப்புகளை அது தன் தரவுத்தளத்துக்குள் பூட்டி வைப்பதில்லை. சாதாரணக் கோப்புறையில் சாதாரண எழுத்துக் கோப்புகளாகவே விட்டுவைக்கிறது. நாளை டொக்ஜை நீக்கினாலும் உங்கள் செயலிகள் அப்படியே ஓடும். உலாவியில் 5001 என்ற துறையில் (போர்ட்) திறக்கலாம்.

மூன்றாம் படி: பேப்பர்லெஸ் என்ஜிஎக்ஸ்

திட்டத்தின் சொந்தக் களஞ்சியத்தில் பல மாதிரிக் கொம்போஸ் கோப்புகள் உள்ளன. போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்துடன் வரும் மாதிரியை எடுங்கள். டிக்கா, கொட்டன்பெர்க் என்று பெயர் வரும் மாதிரிகள் வேர்ட் கோப்புகளையும் மின்னஞ்சல்களையும் கையாளுவதற்கானவை; தொடக்கத்தில் அவை வேண்டாம். இரகசியச் சாவியை நீளமான எழுத்துத் தொடராக மாற்றுங்கள், நேர வலயத்தைக் கொழும்புக்கு அமையுங்கள், மறுதொடக்க வரியில் நீங்களாக நிறுத்தும் வரை மீண்டும் எழ வேண்டும் என்ற தெரிவை இடுங்கள்.

இனி வருவதுதான் அதிக நேரத்தை விழுங்கும் இடம்: தமிழ் எழுத்துணரி, அதாவது படத்திலுள்ள எழுத்தை வாசித்துத் தேடக்கூடிய எழுத்தாக மாற்றும் மென்பொருள்.

பேப்பர்லெஸ், டெசராக்ட் என்ற எழுத்துணரியைப் பயன்படுத்துகிறது. கலன் உருவாக்கப்படும் மூலக் கோப்பான டொக்கர் படிமத்தில் ஆங்கிலம், ஜேர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், ஸ்பானியம் ஆகிய மொழிகள் ஏற்கெனவே உள்ளன; தமிழ் இல்லை. தமிழைச் சேர்க்க இரண்டு வெவ்வேறு அமைப்புகளைத் தொட வேண்டும். இரண்டின் பெயரும் ஓர் எழுத்தைத் தவிர ஒன்றேதான். ‘லாங்குவேஜஸ்’ என்று பன்மையில் முடிவது எந்த மொழிப் பொதிகளை நிறுவ வேண்டும் என்று சொல்கிறது. ‘லாங்குவேஜ்’ என்று ஒருமையில் முடிவது ஆவணங்களை எந்த மொழிகளில் வாசிக்க வேண்டும் என்று சொல்கிறது. பன்மையில் மொழிக் குறிகளை இடைவெளி விட்டு எழுத வேண்டும். ஒருமையில் கூட்டல் குறியால் இணைக்க வேண்டும். தமிழுக்கான குறி டி, ஏ, எம் என்ற மூன்று எழுத்துகள். சிங்களத்துக்கு எஸ், ஐ, என். ஆங்கிலத்துக்கு ஈ, என், ஜி.

பன்மையை மட்டும் நிரப்பிவிட்டு ஒருமையை விட்டுவிட்டால் பிழைச் செய்தி எதுவும் வராது. ஆவணம் ஏற்றப்படும், பச்சை நிறத்தில் வெற்றி என்று காட்டும். ஆனால் உள்ளடக்கத்தைத் திறந்து பார்த்தால், தமிழ் வரிகள் இருந்த இடமெல்லாம் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக இருக்கும், ஏனெனில் இயல்புநிலை ஆங்கிலம். எனவே முதல் ஆவணத்தை ஏற்றியதும் உள்ளடக்கத் தாவலைக் கட்டாயம் திறந்து பாருங்கள். நூறு ஆவணங்களை ஏற்றிய பின்னர் பார்ப்பதில் பயனில்லை.

பன்மை அமைப்பு மொழிப் பொதியைப் படிமத்துக்குள் நிரந்தரமாக வைப்பதில்லை. கலன் புதிதாக உருவாக்கப்படும்போதெல்லாம் பொதியை இணையத்திலிருந்து இறக்குகிறது. ஆகவே பேப்பர்லெஸை மேம்படுத்தும் வேலையை இணையம் சீராக உள்ள நேரத்தில் மட்டும் செய்யுங்கள்.

நம் அரசாங்கப் படிவங்களில் மூன்று மொழிகளும் இருக்கும். மூன்றையும் ஒருமை அமைப்பில் இடலாம். ஆனால் வாசிக்கும் நேரம் கூடும், தெளிவற்ற பக்கங்களில் ஒரு மொழியின் எழுத்தை இன்னொன்றாக எடுத்துக்கொள்ளவும் கூடும். தமிழை முதலிலும் ஆங்கிலத்தை அடுத்தும் வைப்பதே எனக்கு நல்ல விளைவைத் தந்தது.

வருடும்போது 300 டிபிஐக்குக் குறையாமல் வையுங்கள். கையால் எழுதப்பட்ட பழைய உறுதிகளை டெசராக்ட் வாசிக்காது என்பதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். அவற்றுக்குத் தலைப்பை நீங்களே எழுத வேண்டும். பேப்பர்லெஸில் தனிப்பயன் புலங்கள் உருவாக்கலாம். நான் உறுதி இலக்கம், நொத்தாரிசின் பெயர், திகதி, காணியின் பெயர், பரப்பு ஆகிய ஐந்தையும் வைத்திருக்கிறேன். முதல் மூன்றும் மிக முக்கியமானவை. வருடிய பிரதிக்குச் சட்டப் பெறுமதி இல்லை. மூல உறுதி தொலைந்தால் காணிப் பதிவகத்தில் சான்றுப்படுத்திய பிரதி கேட்க வேண்டிவரும். அங்கே உறுதியின் இரண்டாம் பிரதியைத் தேடி எடுப்பதற்கு உதவுபவை அந்த மூன்று விவரங்களே. ஆகவே மூலத்தை ஒருபோதும் எறிந்துவிடாதீர்கள்.

தேடும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. ‘தலைப்பும் உள்ளடக்கமும்’ என்ற தேடலைத் தெரிவு செய்யுங்கள். அது எழுத்துத் தொடரை அப்படியே பொருத்திப் பார்க்கிறது. தமிழ்ச் சொற்கள் வேற்றுமை உருபு ஏற்கும்போது கடைசி எழுத்து மாறுவதால், முழுச்சொல்லைத் தேடினால் பலவற்றைத் தவறவிடுவோம். ‘யாழ்ப்பாணம்’ என்று தேடினால் ‘யாழ்ப்பாணத்தில்’ அகப்படாது. ‘யாழ்ப்பாண’ என்று நிறுத்தினால் இரண்டும் அகப்படும். ‘பெயர்’ என்பதற்குப் பதிலாகப் புள்ளி இல்லாமல் ‘பெயர’ என்று தேடினால் பெயரை, பெயரில், பெயருக்கு எல்லாம் வந்துவிடும்.

நான்காம் படி: பிரதி எடுத்தல்

ஒரே இடத்தில் ஒரே பிரதியாக இருந்தவற்றுக்கு என்ன நேரும் என்பதை, 1981இல் பொது நூலகம் எரிந்த ஊரில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. இயங்கிக்கொண்டிருக்கும் போஸ்ட்கிரஸ் கோப்புறையை அப்படியே நகலெடுப்பது பிரதி ஆகாது. மீட்கும்போது திறக்காமல் போகலாம். பேப்பர்லெஸுடன் வரும் ஆவண ஏற்றுமதிக் கட்டளையை இரவுதோறும் ஓடவிடுங்கள். அது மூலக் கோப்புகளையும் தலைப்பு, குறிச்சொல் முதலிய விவரங்களையும் ஒரு கோப்புறையில் எழுதித் தருகிறது. அந்தக் கோப்புறையை ரெஸ்டிக் என்ற பிரதியெடுக்கும் செயலி மூலம் மறைகுறியாக்கி இரண்டு வெளிவட்டுகளுக்கு அனுப்புகிறேன். அவற்றில் ஒன்று இன்னொரு வீட்டில் இருக்கிறது. ரெஸ்டிக்கின் கடவுச்சொல்லைக் காகிதத்தில் எழுதி வைத்திருங்கள். அது இல்லாமல் எவராலும் அந்தப் பிரதியைத் திறக்க முடியாது.

கிவிக்ஸ்

விக்கிப்பீடியாவை முழுமையாக வீட்டிலேயே வைத்திருக்க உதவுவது கிவிக்ஸ். ஸிம் என்ற வகையில் ஒரே கோப்பாக இறக்கி, கிவிக்ஸ் சேவையகக் கலனுக்கு அந்தக் கோப்புறையைக் காட்டினால் வேலை முடிந்தது. ஆங்கில விக்கிப்பீடியா படங்களுடன் நூறு ஜிபி அளவுக்கு வரும்; தமிழ் விக்கிப்பீடியா அதனுடன் ஒப்பிடச் சிறியது, தமிழ் விக்சனரி இன்னும் சிறியது. இரவு நேரத்துக்குத் தனி டேட்டா தரும் பக்கேஜ் உள்ளவர்கள், விட்ட இடத்திலிருந்து தொடரக்கூடிய டொரன்ட் வழியில் இறக்குவது சிறந்தது. கோப்பு தானாகப் புதுப்பிக்கப்படாது என்பதால் அவ்வப்போது புதியதை இறக்க வேண்டும். தமிழ் விக்கிப்பீடியாவை அதன் தொடக்க ஆண்டான 2003 முதல் வளர்த்தெடுத்த இ. மயூரநாதன் வண்ணார்பண்ணையைச் சேர்ந்தவர் என்பதால், அந்தக் கலைக்களஞ்சியம் இணையமில்லாத நாளிலும் யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒன்றின் கைத்தொலைபேசியில் திறப்பது எனக்குத் தனி மகிழ்ச்சி தருகிறது.

கிராம்ப்ஸ் வெப்

உறவினர்கள் பல நாடுகளில் இருக்கும் குடும்பங்களுக்கு வம்சாவளியைச் சேர்ந்து எழுத இதைவிட நல்லது நான் காணவில்லை. கணினியில் மட்டும் ஓடிய கிராம்ப்ஸ் என்ற பழைய செயலியின் உலாவி வடிவம் இது. குடும்பப்பெயர் இல்லாத நம் வழக்கத்துக்கு இடம் இருக்கிறதா என்பதுதான் எல்லோரும் கேட்பது. இருக்கிறது: தந்தையின் பெயரைக் குடும்பப்பெயர் இடத்தில் எழுதி, அதன் தோற்ற வகையைத் தந்தைவழிப் பெயர் என்று தெரிவு செய்யுங்கள். இப்படிச் செய்தால், தலைமுறைக்குத் தலைமுறை பெயர் மாறுவதற்கான காரணம் பதிவிலேயே இருக்கும். உயிருடன் இருப்பவர்களின் விவரங்களைத் தனிப்பட்டவை என்று குறித்துவிட்டால், விருந்தினர் நிலையில் நுழைபவர்களுக்கு அவை தெரியாது.

பின்சேர்க்கை 1: வாசித்தவர்கள் சந்தித்த சிக்கல்

எல்லாவற்றையும் சரியாக அமைத்தும் சில கோப்புகளில் தமிழ் வரவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். காரணங்கள் இரண்டு. பேப்பர்லெஸ் இயல்புநிலையில், ஏற்கெனவே எழுத்துப்படலம் (தேடக்கூடிய எழுத்து) உள்ள பிடிஎஃப் பக்கங்களை மீண்டும் வாசிக்காமல் தாண்டிவிடும். கைத்தொலைபேசி வருடும் செயலிகள் சில, தாமாகவே ஆங்கில எழுத்துணரியை ஓட்டித் தவறான படலம் ஒன்றைக் கோப்புக்குள் மறைத்து வைத்துவிடுகின்றன. இதற்கு எழுத்துணரி நிலையை ‘ரீடூ’ என்று மாற்றினால் மறைந்த படலம் நீக்கப்பட்டுப் புதிதாக வாசிக்கப்படும்.

இரண்டாவது, பாமினி எழுத்துருவில் தட்டெழுதப்பட்ட பிடிஎஃப்கள். நம் சங்கங்கள், கோயில்கள், பாடசாலைகள் வெளியிட்ட பல மலர்கள் இவ்வகையின. கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். இங்கே ‘ரீடூ’ உதவாது, ஏனெனில் அது மறைந்த படலத்தை மட்டுமே நீக்கும். கண்ணுக்குத் தெரியும் எழுத்தைத் தொடாது. ‘ஃபோர்ஸ்’ நிலையே வேண்டும்: அது பக்கத்தை முழுவதும் படமாக்கிப் பின்னர் வாசிக்கிறது. காப்பகப் பிரதியின் அளவு பெருகும். மூலக் கோப்பு மாறாமல் இருக்கும். எல்லா ஆவணங்களுக்கும் இந்த நிலையை வைக்காதீர்கள். அமைப்புப் பக்கத்தில் தற்காலிகமாக மாற்றி, பாமினிக் கோப்புகளை ஒன்றாக ஏற்றி, அவை முடிந்ததும் பழைய நிலைக்குத் திருப்புங்கள். ஏற்கெனவே ஏற்றியவற்றைத் தெரிவு செய்து மறுபடி செயற்படுத்தவும் முடியும்.

பின்சேர்க்கை 2: வெளிநாட்டிலிருந்து திறத்தல்

போர்ஜி ரவுட்டரில் துறையைத் திறந்துவிட்டும் வெளியிலிருந்து எதுவும் வரவில்லை என்றால், ரவுட்டரின் வெளிமுகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையில் தொடங்கினால் உங்களுக்குப் பொதுமுகவரி தரப்படவில்லை. துறைகளைத் திறப்பதால் பயனில்லை. உங்கள் சாதனங்களைத் தனிப்பட்ட வலையமைப்பாக இணைக்கும் டெயில்ஸ்கேலை நிறுவுங்கள். பொதுமுகவரி உள்ளவர்களும் அதையே பயன்படுத்துமாறு வேண்டுகிறேன், ஏனெனில் காணி உறுதிகள் உள்ள செயலியைத் திறந்த இணையத்தில் வைப்பது சரியல்ல. உறவினருக்கு உங்கள் இயந்திரத்தைப் பகிரும்போது, அணுக்க விதிகளில் கிராம்ப்ஸ் வெப் ஓடும் துறையை மட்டும் அனுமதியுங்கள்; இல்லாவிட்டால் பேப்பர்லெஸின் நுழைவுப் பக்கமும் டொக்ஜும் அவர்களுக்குத் திறந்திருக்கும்.