சொத்துக் கணக்கில் நகையை எந்த விலைக்கு எழுதுவது?

உங்கள் நிகர சொத்து மதிப்பை, அதாவது மொத்த சொத்தில் கடனைக் கழித்த மீதியை, கணக்குப் போடும்போது நகையை பில் தொகைக்கு எழுதாதீர்கள். கல் எடையைக் கழித்துவிட்டு, மீதி கிராமை அன்றைய 22 காரட் விலையால் பெருக்கி எழுதுங்கள். செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜிஎஸ்டி எதுவும் விற்கும்போது கைக்குத் திரும்பாது. 8 கிராம் சங்கிலிக்கு 12 சதவீதம் சேதாரம் போட்டிருந்தால், கிட்டத்தட்ட ஒரு கிராம் தங்கத்தின் விலை அங்கேயே போய்விட்டது.

அடகில் இருக்கும் நகையா? சொத்துப் பக்கம் அதன் முழு மதிப்பையும், கடன் பக்கம் அசலோடு இன்றுவரை ஏறிய வட்டியையும் எழுதுங்கள். நகையை விட்டுவிட்டுக் கடனை மட்டும் எழுதினால் கணக்கு தப்பாகும்.

ஹால்மார்க் இல்லாத பழைய நகைக்கும் 18 காரட் வைர நகைக்கும் இந்த 22 காரட் கணக்கு பொருந்தாது. பழைய நகை என்றால் முதலில் தரம் பார்த்துவிடுங்கள்.