இதயச் செயலிழப்பு உள்ளவரின் ரத்தத்தில் அழற்சியை அளக்கும் முறை: ஆய்வகத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு

குழாயைக் கையில் எடுக்கும் முன் நோயாளியிடம் பேசுங்கள். அண்மையில் காய்ச்சல், சளி வந்ததா? பல் பிடுங்கினார்களா? தடுப்பூசி, ஸ்டீராய்டு ஏதாவது உண்டா? உண்டென்றால் அன்று ரத்தம் எடுக்க வேண்டாம். சளி கிளப்பிவிட்ட வெள்ளணுக்களை அளந்துவிட்டு இதயத்தின் மேல் பழி போடக் கூடாது.

அன்றைய எடை, கால் வீக்கம், ஃபுருசமைடு (உடம்பு நீரை வெளியேற்றும் மருந்து) அளவு மூன்றையும் படிவத்தில் எழுதுங்கள். புதியவர்கள் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். எனக்கோ, இந்த மூன்றும் இல்லாத ரத்த மாதிரி பாதி மாதிரிதான். உடம்பில் நீர் கோக்கும்போது குடல் சுவரும் வீங்குகிறது. அதன் வழியே பாக்டீரியா நச்சு ரத்தத்தில் கசிந்து மோனோசைட்டுகள் என்ற வெள்ளணுக்களைத் தூண்டுகிறது என்ற கருத்து வலுவாக இருக்கிறது. நீர் வடிந்த பிறகு அதே மனிதரின் செல்கள் வேறு மாதிரி நடந்துகொள்ளலாம்.

மூச்சிரைப்பவரைப் படுக்கச் சொல்லாதீர்கள். சாய்ந்து உட்காரவைத்தே எடுங்கள். கை வீங்கியிருந்தால் ரத்தநாளம் கண்ணுக்குத் தெரியாது. முழங்கை மடிப்பில் கட்டைவிரலால் மெதுவாகச் சிறிது நேரம் அழுத்துங்கள். நீர் விலகிக் குழி விழும். அதன் அடியில் நாளம் விரலுக்குத் தட்டுப்படும். குழி நிரம்புவதற்குள் ஊசி உள்ளே போக வேண்டும். பலர் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள். ஆகவே பஞ்சை நீங்களே அழுத்திப் பிடியுங்கள், ரத்தம் நிற்கும் வரை.

ரத்தத்தை உறையவிடாத ஹெபாரின் உள்ள பச்சை மூடிக் குழாய் போதும். மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். குலுக்கவும் வேண்டாம், ஐஸில் வைக்கவும் வேண்டாம். அறை வெப்பத்திலேயே வைத்துச் சில மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்குங்கள். வெள்ளணுக்களின் எண்ணிக்கை பொழுதுக்கேற்ப ஏறி இறங்கும் என்பதால் எல்லோருக்கும் காலையில் ஒரே நேரத்தில் எடுங்கள்.

மோனோசைட்டுகளை மட்டும் பார்ப்பதானால் ஃபைக்காலே (சுழற்றும்போது செல்களை அடர்த்தியால் பிரிக்கும் கரைசல்) வேண்டாம் என்பது என் கட்சி. ஒவ்வொரு சுழற்றலும் கழுவலும் செல்லைச் சீண்டுகிறது. மோனோசைட் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளவும் செய்யும். பிறகு, அது நோயாளியின் உடம்பில் விழித்ததா, நம் குழாயில் விழித்ததா என்று யார் சொல்வது? 100 மைக்ரோலிட்டர் முழு ரத்தத்தில் முதலில் ஆன்டிபாடிகள் தவறாக ஒட்டக்கூடிய எஃப்சி ஏற்பிகளை அடைக்கும் கரைசலையும், பிறகு சிடி14, சிடி16, எச்எல்ஏ-டிஆர் என்ற செல்பரப்புப் புரதங்களில் ஒட்டும் ஒளிரும் ஆன்டிபாடிகளையும் சேர்த்துவிடுங்கள். இருட்டில் 20 நிமிடம். சிவப்பணுக்களை உடைத்துவிட்டு ஃப்ளோ சைட்டோமீட்டருக்கு (செல்களை ஒவ்வொன்றாக எண்ணி வகை பிரிக்கும் கருவி) அனுப்புங்கள். சிடி16 என்கே செல்கள் என்ற வேறு வகை வெள்ளணுக்களிலும் உண்டு. எச்எல்ஏ-டிஆர் இல்லாதவற்றை ஒதுக்கினால் அவை விலகிவிடும். சிடி14 நிறைந்து சிடி16-உம் தென்படும் இடைநிலை மோனோசைட்டுகளின் பங்கைக் குறித்துக்கொள்ளுங்கள். இதயச் செயலிழப்பில் அவை கூடுவதாகப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

டி செல்கள் என்ற வெள்ளணுக்களைப் பிரித்தெடுக்க வேண்டுமானால் ஃபைக்கால்தான். 400 ஜி (புவியீர்ப்பைப் போல் 400 மடங்கு விசை), 30 நிமிடம், சென்ட்ரிஃபியூஜின் பிரேக்கை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் பிளாஸ்மாவுக்குக் கீழே மங்கலாக நிற்கும், டி செல்கள் அடங்கிய வெள்ளை வளையம் கலைந்துவிடும்.

இவ்வளவு கறார் ஏன்? இதயச் செயலிழப்பில் டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதம் கூடியிருப்பது 1990-இல் வெளியானது. அதை முடக்கினால் இதயம் தேறும் என்று நம்பி இன்ஃப்ளிக்சிமாப் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். 2003-இல் வெளியான முடிவின்படி, அதிக அளவு பெற்றவர்களின் நிலை மோசமாகியிருந்தது. யாருக்கு, எப்போது, எந்தச் செல் தூண்டப்படுகிறது என்று தெரியாமல் மருந்து கொடுப்பது ஆபத்து.

அதனால் ஒரு மாதிரியோடு நிறுத்தாதீர்கள். வீக்கம் வடிந்து வீடு திரும்பும் நாளின் காலையில், அதே நேரத்தில், கருவியின் அதே அமைப்பில் இரண்டாவது குழாயையும் எடுங்கள்.