பழைய செஸ்னாவுக்கு எந்த பிரேக் ஆயில்? ஏர் எடுப்பது எப்படி?

நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து வைத்திருக்கும் விமானம் 1946-ஆம் ஆண்டு செஸ்னா 140. இரண்டே இருக்கை, 85 குதிரைத்திறன் காண்டினென்டல் எஞ்சின், பின்னால் வால் சக்கரம். அமெரிக்காவில் ஒரு சிறிய விமானத்தளத்தின் ஹேங்கரில் நிற்கிறது. வாங்கின புதிதில் அதன் இடது பிரேக்கை மிதித்தால் பிடித்துக்கொள்ளும், காலை எடுத்தாலும் லேசில் விடாது. ஜாக் போட்டுத் தூக்கிச் சக்கரத்தைக் கையால் சுற்றினால் அரைச் சுற்றுகூட ஓடாமல் நின்றது.

சக்கரத்தின் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரைக் கழற்றி பிஸ்டனை வெளியே எடுத்தோம். அதைச் சுற்றியிருந்த ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம், ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி உப்பிப் போய், காடியை விட்டுப் பிதுங்கிக்கொண்டிருந்தது. நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்து அப்படியே நின்றது. பக்கத்தில் புது ஓ-ரிங்கை வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே பார்ட் நம்பர் என்று நம்பவே முடியாது. குழாயிலிருந்து சொட்டியது தேன் நிறம். அங்கே இருந்திருக்க வேண்டியது சிவப்பு ஆயில். எங்களுக்கு முன்னால் வைத்திருந்தவர்களில் யாரோ கார் பிரேக் ஆயிலை ஊற்றியிருக்கிறார்கள்.

அதனால்தான் ஏர் எடுக்கும் வேலைக்குப் போகும் முன் ஆயிலைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்லப் போகிறேன். ஏர் பிடித்திருந்தால் மிதித்த உடனே பெடலில் தெரிந்துவிடும். தப்பான ஆயில் அப்படிக் காட்டிக்கொடுக்காது, உள்ளே இருந்தபடி ரப்பரைக் கெடுத்துக்கொண்டே இருக்கும்.

ஆயிலைத் தீர்மானிப்பது ரப்பர்தான்

பைக் கடையில் வாங்கும் டாட் 3, டாட் 4 பாட்டில்களில் இருப்பது கிளைக்கால் வகைத் திரவம். கார், பைக் பிரேக்கின் ரப்பர்கள் அதற்கென்றே செய்யப்பட்டவை. செஸ்னா, பைப்பர் போன்ற அமெரிக்கச் சிறு விமானங்களில் பெரும்பாலானவற்றின் பிரேக்கில் ஓடுவது பெட்ரோலிய எண்ணெய். அதற்கேற்ற ரப்பர் நைட்ரைல். நைட்ரைல் ரப்பரில் கிளைக்கால் பட்டால் உப்பி மெத்தென்று ஆகிவிடும். கார் பிரேக் ரப்பரில் பெட்ரோலிய எண்ணெய் பட்டாலும் அதே கதிதான். பாட்டிலில் 'பிரேக் ஃபுளூயிட்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். விமானத்துக்கான ஆயில் டின்னில் பெரும்பாலும் 'ஹைட்ராலிக் ஃபுளூயிட்' என்றுதான் இருக்கும்.

நீங்கள் தேட வேண்டிய எண் 5606. அமெரிக்க ராணுவத் தரக்குறிப்பு அது. பழைய கையேடுகளில் மில்-ஹெச்-5606 என்றும், இப்போதைய டின்களில் மில்-பிஆர்எஃப்-5606 என்றும் போட்டிருக்கும். நிறம் சிவப்பு. ஏரோஷெல் ஃபுளூயிட் 41, ராய்கோ 756 இரண்டும் இந்த வகைதான். இதன் தம்பி 83282. செயற்கை ஹைட்ரோகார்பன், அதுவும் சிவப்பு, அதே நைட்ரைல் ரப்பரோடு ஒத்துப்போகும், 5606-உடன் கலந்தாலும் கெடுதல் இல்லை. ஏரோஷெல் 31, ராய்கோ 782 என்று கிடைக்கிறது. வித்தியாசம் தீப்பற்றுவதில் இருக்கிறது. 5606-இன் தீப்பற்று வெப்பநிலை தரக்குறிப்புப்படி குறைந்தபட்சம் 82 டிகிரி செல்சியஸ். 83282-க்கு 205. சூடான டிஸ்க்கின் மேல் ஆயில் கசிந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தால் இந்த வித்தியாசம் பெரியது. ஆனால் கடுங்குளிரில் 83282 தடித்துப்போகும். 5606 மைனஸ் 54 டிகிரி வரை தாங்கும். உங்கள் கையேடு இரண்டையும் அனுமதித்தால், பனிப்பிரதேசத்தில் பறக்காதவர்களுக்கு நான் 83282-ஐத்தான் சொல்வேன்.

மிகப் பழைய விமானங்களில் மூன்றாவது ஒன்றும் உண்டு: மில்-ஹெச்-7644. விளக்கெண்ணெயும் ஆல்கஹாலும் சேர்ந்த நீல ஆயில். இயற்கை ரப்பர் சீல்களோடு வந்தது. அந்த ரப்பர் இன்னும் உள்ளே இருக்கும் பிரேக்கில் சிவப்பு ஆயில் ஊற்றினால், எங்கள் கதை தலைகீழாக நடக்கும். ஊதா நிற ஸ்கைட்ரால் பெரிய ஜெட் விமானங்களுக்கு உரியது. உங்கள் வேலைக்கு அது வேண்டவே வேண்டாம்.

உள்ளே இப்போது இருப்பது என்ன?

புது ஆயில் வாங்குவதற்கு முன்பே இதைப் பார்த்துவிடுங்கள். முதலில் விமானத்தின் பராமரிப்புப் பதிவேடான லாக்புக்கைப் புரட்டி, பிரேக் மாற்றப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள். செஸ்னா 140 தொழிற்சாலையிலிருந்து குட்இயர் பிரேக்கோடு வந்தது. இப்போது பலவற்றில் கிளீவ்லாண்ட் பிரேக் இருக்கிறது, எங்களுடையதிலும் அதுதான். பிரேக்கை மாற்றியவர் எந்த சீல், எந்த ஆயில் போட்டார் என்று அந்தப் பக்கத்தில் இருக்கலாம்.

அடுத்து ஒரு சின்னச் சோதனை. கண்ணாடி டம்ளரில் பாதி தண்ணீர் எடுத்து, பிரேக்கிலிருந்து எடுத்த ஆயிலில் நாலு சொட்டு விடுங்கள். சிவப்பு ஆயில் ரசத்தில் மிதக்கும் நெய் மாதிரி மேலே வட்டம் வட்டமாக நிற்கும். கிளைக்கால் தண்ணீரோடு கரைந்து காணாமல் போய்விடும். எங்கள் தேன் நிற ஆயில் கலக்குவதற்கு முன்பே கரைந்துவிட்டது. விளக்கெண்ணெய் வகையும் தண்ணீரில் மிதக்கும், ஆனால் ஆல்கஹாலில் கரையும். பெட்ரோலிய எண்ணெய் ஆல்கஹாலில் கரையாது. சிலிக்கான் வகையான டாட் 5-உம் தண்ணீரில் கரையாது. ஆகவே மிதக்கிறது என்பதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள், நிறத்தையும் லாக்புக்கையும் சேர்த்துப் பாருங்கள்.

தப்பான ஆயில் என்று தெரிந்தால் அதை வடித்துவிட்டுப் புதிதை ஊற்றி முடித்துக்கொள்ள முடியாது. மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் சிலிண்டர்), காலிப்பர் எல்லாம் பிரித்து, எல்லா ஓ-ரிங்கையும் ரப்பர் ஹோஸையும் மாற்ற வேண்டும். கிளைக்கால், விளக்கெண்ணெய் வகை என்றால் உலோகக் குழாய்களை ஆல்கஹாலால் கழுவி முழுக்கக் காயவிடுங்கள். எங்களுக்கு இதற்கே இரண்டு வார இறுதி போனது. புது ஓ-ரிங்கைப் பையோடு வாங்கிப் பார்ட் நம்பரைச் சரிபாருங்கள். எம்எஸ் 28775 என்று தொடங்குபவை 5606-க்கான நைட்ரைல் வளையங்கள். எல்லா ஓ-ரிங்கும் பார்வைக்குக் கறுப்புதான், பை இல்லாமல் கிடப்பதை எடுத்து மாட்டாதீர்கள்.

இன்னொரு விஷயம். அமெரிக்க விதிகளின் 43-ஆம் பகுதிப்படி, விமானத்தை வைத்திருக்கும் பைலட் ஆயில் தொட்டியில் குறைந்ததை நிரப்பிக்கொள்ளலாம். ஏர் எடுப்பது அந்தப் பட்டியலில் பெயர் சொல்லி இல்லை. நான் ஏ அண்ட் பி (விமான உடல், எஞ்சின் வேலைக்கான) உரிமம் பெற்ற மெக்கானிக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் செய்தேன். அவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

ஏன் கீழிருந்து மேலே?

பைக்கில் ஏர் எடுத்துப் பழகியவர்கள் லீவரைப் பலமுறை அழுத்திப் பிடித்து, காலிப்பரில் காற்றை வெளியே விடும் சின்னத் திருகான நிப்பிளைத் திறந்து ஆயிலைக் கீழே தள்ளுவார்கள். செஸ்னாவில் இந்த வழி அலைச்சல்தான். மாஸ்டர் சிலிண்டர் சின்னது, ஒரு மிதிக்குத் தள்ளும் ஆயிலும் கொஞ்சம்தான். பெடலிலிருந்து குழாய் தரையை நோக்கி இறங்கி, ஸ்பிரிங் எஃகுக் காலை ஒட்டியே சக்கரத்துக்குப் போகிறது. நீங்கள் தள்ளும் குமிழி கொஞ்ச தூரம் இறங்கும், அடுத்த மிதிக்குள் பழைய இடத்துக்கே ஏறிவிடும். காற்று தானாக மேலே போகத்தான் பார்க்கிறது. அது போகும் திசையிலேயே ஆயிலை அனுப்பினால் வேலை சுலபம்.

தேவையானவை

புதிதாகத் திறந்த ஒரு குவார்ட் ஆயில் டின், வேறு எதற்கும் பயன்படுத்தாத சுத்தமான பம்ப் ஆயில் கேன், நிப்பிளில் இறுக்கமாக உட்காரும் தெளிவான பிளாஸ்டிக் டியூப், மாஸ்டர் சிலிண்டரின் மூடித் துளையில் திருகும் பிட்டிங்கும் அதற்கொரு டியூபும், ஒரு கண்ணாடி பாட்டில், ஸ்பானர், நிறையத் துணி. கூட ஒரு ஆள் கட்டாயம் வேண்டும். ஒருவர் காக்பிட்டில் தலைகீழாகக் குனிந்து பாட்டிலைப் பார்க்க, இன்னொருவர் சக்கரத்தருகே பம்ப் அடிக்க வேண்டும்.

செய்முறை

1. இரண்டு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள், வாலைக் கட்டிப்போடுங்கள். பார்க்கிங் பிரேக்கை விடுவியுங்கள். அது போட்டிருந்தால் மாஸ்டர் சிலிண்டருக்குள் தொட்டிக்குப் போகும் சின்னத் துளை மூடியே இருக்கும், கீழிருந்து எவ்வளவு தள்ளினாலும் ஆயில் ஏறாது. வேலை முடியும் வரை பெடலில் யாரும் கால் வைக்கக் கூடாது.

2. கசிவு, வெடிப்பு விட்ட ஹோஸ், தேய்ந்த லைனிங் எல்லாவற்றையும் இப்போதே பாருங்கள். கிளீவ்லாண்ட் லைனிங் 0.100 அங்குலத்துக்கு, அதாவது சுமார் இரண்டரை மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் மாற்ற வேண்டும்.

3. பெடலருகே மாஸ்டர் சிலிண்டரின் மூடியைக் கழற்றும் முன் சுற்றிலும் துடையுங்கள். எழுபது வருடத் தூசி அங்கே உட்கார்ந்திருக்கும். பிட்டிங்கைத் திருகி, டியூபின் மறுமுனையைப் பாட்டிலில் உள்ள ஆயிலுக்குள் மூழ்கவிடுங்கள். முனை மூழ்கியிருந்தால்தான் குமிழி வருவது கண்ணுக்குத் தெரியும்.

4. ஆயில் கேனை நிரப்பி, டியூபின் முனையில் ஆயில் ததும்பும் வரை பம்ப் அடியுங்கள். முதல் தடவை செய்பவர்கள் பெரும்பாலும் மறப்பது இதைத்தான். மறந்தால் டியூபில் இருக்கும் காற்றை நீங்களே பிரேக்குக்குள் ஏற்றிவிடுவீர்கள்.

5. காலிப்பரின் அடியில் இருக்கும் நிப்பிளைத் துடைத்து டியூபை மாட்டி, கால் முதல் அரைத் திருகு வரை திறங்கள்.

6. நிதானமாக, நிறுத்தாமல் பம்ப் அடியுங்கள். முதலில் பாட்டிலில் பழைய ஆயில் கலங்கலாக வரும், பிறகு பெரிய குமிழிகள், அப்புறம் கடுகு அளவில் பொடிக் குமிழிகள். இந்தப் பொடிக் குமிழிகளில் பொறுமை வேண்டும். குழாயை ஸ்பானர் பிடியால் லேசாகத் தட்டிக்கொடுங்கள், சுவரில் ஒட்டியவை விட்டுக் கிளம்பும். கேனில் ஆயில் தீர்ந்து காற்றை உறிஞ்சாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் இடது பக்கத்தில் குமிழி நின்றுவிட்டது என்று நினைத்த பிறகு தட்டியதில் இன்னும் ஏழெட்டு வரிசையாக வந்தன.

7. தெளிந்த சிவப்பு ஆயில் குமிழி இல்லாமல் வந்ததும், கேனில் அழுத்தம் இருக்கும்போதே நிப்பிளை மூடி, பிறகு டியூபைக் கழற்றுங்கள். ரப்பர் தொப்பியை மாட்டுங்கள்.

8. மாஸ்டர் சிலிண்டரை விளிம்பு வரை நிரப்பாதீர்கள். பிரேக் சூடானால் ஆயில் விரியும், அதற்கு இடம் வேண்டும். மூடியில் இருக்கும் காற்றுத் துளை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அடைத்திருந்தால் பிரேக் விடாமல் இழுக்கும், குற்றத்தை நீங்கள் காலிப்பரில் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

9. அடுத்த சக்கரத்துக்கும் இதே வேலை. இரண்டு பக்கமும் தனித்தனி அமைப்பு, ஒன்றின் ஆயில் மற்றதற்குப் போகாது.

பாட்டிலில் சேர்ந்த ஆயிலைத் திரும்ப டின்னில் ஊற்றவே கூடாது.

பைப்பர் ஜே-3 கப் போன்றவற்றில் எக்ஸ்பாண்டர் டியூப் பிரேக் இருந்தால் ஒரு எச்சரிக்கை: டிரம் இல்லாமல் பிரேக்கை மிதித்துவிடாதீர்கள், ரப்பர் டியூப் கட்டுப்பாடில்லாமல் உப்பிக் கிழிந்துவிடும். டிஸ்க் பிரேக்கிலும் காலிப்பரைக் கழற்றி வைத்திருக்கும்போது மிதித்தால் பிஸ்டன் வெளியே தெறிக்கும்.

சோதித்துப் பார்ப்பது

பெடலை மிதியுங்கள். செங்கல்லை மிதிப்பது போல கெட்டியாக நிற்க வேண்டும். பஞ்சு மாதிரி அமுங்கினால், அல்லது இரண்டு மூன்று முறை மிதித்த பிறகுதான் கெட்டியானால், இன்னும் ஏர் இருக்கிறது, 4-ஆம் படிக்குத் திரும்புங்கள். கெட்டியாக இருந்து, ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்ததில் மெல்ல மெல்ல இறங்கினால் எங்கோ கசிகிறது. வெளியே ஈரம் இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் சீலைச் சந்தேகியுங்கள். காலை எடுத்ததும் சக்கரம் கையால் சுலபமாகச் சுற்ற வேண்டும்.

கடைசியாக இரண்டு பெடலையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வால் சக்கர விமானத்தின் எடை மையம் முன் சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் மூக்கு அந்தப் பக்கம் திரும்பும், பின்னால் இருக்கும் எடை அந்தத் திருப்பத்தை இன்னும் கூட்டும். கிரவுண்ட் லூப் என்று சொல்லும் சுழற்சி அப்படித்தான் ஆரம்பிக்கிறது. ஆகவே முதல் ஓட்டம் அகலமான காலி இடத்தில், நடை வேகத்தில், கட்டுப்பாட்டு வீலைப் பின்னால் இழுத்துப் பிடித்தபடி. இடம் தனியாக, வலம் தனியாக, பிறகு இரண்டும் சேர்த்து. திரும்பி வந்து நிறுத்தியதும் இறங்கி இரண்டு நிப்பிளையும் விரலால் தடவிப் பாருங்கள்.

எங்கள் மெக்கானிக் லாக்புக்கில் தேதி, செய்த வேலை, ஆயிலின் தரக்குறிப்பு எண், ஓ-ரிங்கின் பார்ட் நம்பர் எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் ஒரு சின்ன அட்டையில் '5606 சிவப்பு ஆயில் மட்டும்' என்று ஆங்கிலத்தில் எழுதி, ஆயில் டின்கள் வைக்கும் அலமாரிக் கதவில் ஒட்டினேன். கார் பிரேக் ஆயில் பாட்டிலை ஹேங்கரிலிருந்து எடுத்து வீட்டுக்குக் கொண்டு போய்விட்டேன்.